இரு செடிகளும் மூன்று ஆண்டுகளும்

மேசைமீது வைத்த பொருள்களைப் பார்த்து வரையும் ஓவிய வகைக்கு உலக மொழிகள் இட்டுள்ள பெயர்களை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பிரெஞ்சுக்காரர் அதனை 'இறந்த இயற்கை' என்கின்றனர். டச்சுக்காரரும் அவர்வழி ஆங்கிலேயரும் 'அசைவற்ற உயிர்' என்று பொருள்படப் பெயரிட்டனர். இக்கால அரபு மொழியில் அது 'அத்தபீஅத்துஸ் ஸாமிதா'. வாய்பேசா இயற்கை என்பது அதன் பொருள். பழம், குடுவை, கத்தி, ரொட்டி, மடிந்து கிடக்கும் மேசைவிரிப்பு ஆகியவற்றை வரைந்த படங்களுக்கு இப்பெயர்களுள் எதனைச் சூட்டினும் பெரும் பிழையில்லை. ஆனால், அங்கே இருப்பது மண்தொட்டியில் வேரூன்றி நிற்கும் செடியாயின் என்செய்வது? அது இறந்துவிடவில்லை. அசையாமலும் இல்லை, சாளரம் இருக்கும் திசை நோக்கி நாள்தோறும் சிறிது சிறிதாகத் திரும்புகின்றது. ஓவியன் மதிய உணவுக்குச் சென்று மீள்வதற்குள் ஓர் இலை சற்றே நிமிர்ந்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நேற்றில்லாத தளிர் ஒன்று நிற்கும்.

தமிழும் அரபும் இதனை எப்போதோ கண்டுகொண்டன. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஆறு நிலையாக வகுத்தபோது புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென முதற்படியில் வைத்தார்; உற்றறியும் அறிவு அவற்றுக்கு உண்டு. அரபு மெய்யியலார் பொருள்களை ஜமாது, நபாத்து, ஹயவான் எனப் பகுத்துக் கல்லுக்கும் விலங்குக்கும் இடையில் செடியை நிறுத்தினர். உணவு கொள்ளுதல், வளர்தல், இனம்பெருக்குதல் என்னும் மூன்று ஆற்றல்களை உடைய ஒருவகை 'நஃப்ஸ்' செடிக்கும் உண்டென்று இப்னு சீனா எழுதினார். மார்க்கச் சட்டம் பேசும் 'ரூஹ்' வேறு, இவர் பேசும் 'நஃப்ஸ்' வேறு என்பதை மாணவர்களுக்கு நாம் விளக்க வேண்டியிருக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால் பின்வருவது குழம்பிவிடும்.

ஓவியம் என்றதும் நம் இல்லங்களில் முதலில் எழுவது ஆகுமா, ஆகாதா என்னும் கேள்வியே. ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தியை ஆலிம்கள் யாவரும் அறிவர். உருவம் வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். உருவம் சமைப்போர் பற்றிய எச்சரிக்கையைச் செவியுற்றதும் அம்மனிதரின் முகம் வெளிறிப் போயிற்று. அந்நிலையைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வரைந்தே தீரவேண்டுமானால் மரத்தையும் ரூஹ் இல்லாத பிறவற்றையும் வரைந்துகொள்ளலாம் என்று வழிகாட்டினார்கள். பிற்கால அறிஞர்களுள் பெரும்பாலோர் இதனையே பற்றிநின்றனர். கனிதரும் மரத்தை வரைவதை முஜாஹித் (ரஹ்) அவர்கள் விரும்பவில்லை என்னும் தனிக்கருத்தும் ஏடுகளில் பதிவாகியுள்ளது. சட்டத்தைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆதலின் இவ்வளவில் நிறுத்துவோம்.

நம் கவலை வேறு. மரத்தை வரையலாம் என்ற சொல்லை நம்மவர் பெரும்பாலும் பந்தியில் எஞ்சிய சோற்றைப் போலவே ஏற்றுக்கொண்டனர். கடினமானது விலக்கப்பட்டுவிட்டது, எளியதை வைத்துச் சமாளிப்போம் என்னும் மனப்பான்மை அது. அதன் விளைவுகளை நாள்தோறும் காண்கிறோம். திருமண அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் ஒரே கொடி. நாட்காட்டியில் பனித்துளி ஒட்டவைத்த ரோஜா. கூடத்து மேசையில் என்றும் வாடாத பிளாஸ்டிக் மலர். இவற்றை வரைந்தோரும் செய்தோரும் ஒரு செடியை ஒரு நாழிகையேனும் உற்றுப் பார்த்ததற்கான அடையாளம் இல்லை. மனிதனை வரைவது அரிது, செடியை வரைவது எளிது என்னும் இக்கணிப்பு உண்மைதானா? வாழ்நாள் முழுவதும் மனிதர்களை வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தொட்டிச்செடிகளின் முன் பட்டபாட்டை அறிந்தால் அவ்வாறு சொல்ல நாவெழாது.

அவர் லூசியன் ஃபிராய்டு. 1922இல் பெர்லினில் பிறந்தவர். மனநூல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டின் பேரர். ஹிட்லர் ஆட்சியேறிய 1933இல் பெற்றோருடன் இங்கிலாந்து சென்று, 2011இல் லண்டனில் மறைந்தார். இவர் வரைந்த மனித உடற்படங்களிற் பல குடும்பத்தார் கூடியிருந்து காணத்தக்கன அல்ல. அவற்றை ஈண்டு நாம் தொடப்போவதில்லை. அப்படங்களின் ஆரவாரத்தில் இவருடைய செடிகள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. திறனாய்வாளர் பலரும் அவற்றைப் பின்னணி என்றே கருதிக் கடந்து சென்றனர். லண்டனிலுள்ள தோட்டக்கலை அருங்காட்சியகம் 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய காட்சியில் செடிப்படங்களை மட்டும் தனியே திரட்டி வைத்தது. ஓவியர் மறைந்து பதினோராண்டுகள் சென்றபின் அவருடைய இலைகளுக்குக் கிடைத்த நீதி எனலாம். நாம் இப்படங்களை அச்சிட்ட நூல்களிலேயே கண்டுள்ளோம்; கித்தானில் வண்ணம் மேடும் பள்ளமுமாகப் படிந்திருக்கும் அழகை அச்சு காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

செடியை நோக்கும் கண் இவருக்கு எங்கிருந்து வந்தது? 1939இல் இவர் சேர்ந்த ஓவியப்பள்ளி டெடம் என்னும் சிற்றூரில் இருந்தது. அதனை நடத்திய செட்ரிக் மாரிஸ் ஓவியர் மட்டுமல்லர்; ஐரிஸ் மலரில் புதுவகைகளைத் தோற்றுவித்துப் புகழ்பெற்ற தோட்டக்காரருமாவார். கித்தானின் ஓரிடத்தில் தொடங்கி, சுருட்டிய பாயை விரிப்பதுபோல் படத்தை முடித்துக்கொண்டே செல்வது மாரிஸின் வழக்கம். முதலில் முழுப்படத்தையும் மேலோட்டமாகக் கோடிட்டுவிட்டுப் பின் நிரப்புவது பொதுவழக்கு. மாரிஸின் வழி அதற்கு மாறானது. மாணவரும் இம்முறையை வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. ஓரிடத்தில் தொடங்கி அங்கிருந்து வெளிநோக்கிப் பரவுவார். செடி வளர்வதும் அவ்வாறேயன்றோ!

1951இல் பிரிட்டன் விழாவையொட்டிக் கலைமன்றம் ஓவியர் அறுபதின்மரைப் பெரிய படங்கள் வரையுமாறு அழைத்தது. அதற்கென ஃபிராய்டு வரைந்து பரிசு பெற்ற 'பேடிங்டன் அறை' இன்று லிவர்பூலிலுள்ள வாக்கர் கலைக்கூடத்தில் இருக்கின்றது. சுருக்கம் விழுந்த சிவப்புக் கம்பளம். மழைச்சட்டை அணிந்த இளைஞர் ஒருவர், ஒரு கையில் சிகரெட்டும் மறுகை முட்டியுமாக நிற்கின்றார். அவருக்கு எதிரே ஏறக்குறைய அவர் உயரத்திற்கே ஒரு தொட்டிச்செடி. நீண்டு கூர்ந்த அதன் இலைகளின் நுனிகள் பழுப்பேறிக் காய்ந்துள்ளன. இளைஞரின் முகத்தில் எத்தனை கவனம் செலுத்தப்பட்டதோ அத்தனை கவனம் அந்தக் காய்ந்த நுனிகளிலும் செலுத்தப்பட்டுள்ளது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதுபோல் நமக்குத் தோன்றுகின்றது. 'இருவரும்' என்று எழுதிவிட்டோம். இலக்கணம் அறிந்தோர் அஃறிணையை உயர்திணையோடு சேர்த்தமைக்காகக் கடிந்துகொள்வர். படத்தைப் பார்த்தபின் அவர்களும் அவ்வாறே எழுதுவர் என்று நம்புகிறோம். இப்படத்திற்காக அவ்விளைஞர் ஆறு மாதம் நின்றார் எனக் கூறுவர். செடியும் நின்றது. அலுப்புற்றால் மனிதன் வாய்விட்டுச் சொல்வான். செடி தன் அலுப்பை நுனிப் பழுப்பில்தான் காட்டும்.

அந்நாளில் அவர் மென்மயிர்த் தூரிகைகொண்டு, உட்கார்ந்தபடியே, வண்ணத்தை மெல்லியதாகத் தீட்டிவந்தார். ஐம்பதுகளின் நடுவில் அம்முறையை விட்டார். பன்றிமயிரால் ஆன முரட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டு நின்றே வரையலானார். எழுபதுகளில் கிரெம்னிட்ஸ் என்னும் கனத்த ஈயவெள்ளை அவர் வண்ணத்தட்டில் இடம்பெற்றது. ஒவ்வொரு தீற்றலுக்குப் பின்னும் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு வண்ணத்தைப் புதிதாகக் கலப்பார் என்பர்; துடைத்தெறிந்த துணிகள் அறையில் குவியலாய்க் கிடக்கும். ஒரு முறை கலந்த பச்சை அடுத்த தீற்றலுக்கு உதவாது என்பதே இதன் கருத்து. பச்சை என்று பொதுவாக ஒரு நிறம் இல்லை; இந்த இலையின் இந்த இடத்துப் பச்சை மட்டுமே உண்டு. பாடம் நடத்தும்போது 'இலை பச்சை நிறம்' என்று எளிதாகச் சொல்லிக் கடக்கும் ஆசிரியர்கள், நம்மையும் சேர்த்துத்தான், இங்குச் சற்று நிற்கவேண்டும்.

இனி, தலைப்பில் குறித்த படத்திற்கு வருவோம். 1977இல் ஃபிராய்டு லண்டன் ஹாலண்ட் பார்க் பகுதியில் கூரைச்சாளரம் உள்ள புதிய ஓவியக்கூடம் ஒன்றிற்குக் குடிபெயர்ந்தார். பக்கச் சாளரத்து வெளிச்சத்திற்குப் பழகிய கண்ணுக்கு மேலிருந்து இறங்கும் ஒளி புதிது. அதனைப் பழகிக்கொள்வதற்காக, மனிதர் யாரையும் அழையாமல், இரண்டு செடிகளை வைத்து ஒரு படம் தொடங்கினார். கைப்பழக்கத்திற்கெனத் தொடங்கியது 1980இல்தான் முடிந்தது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட அந்த 'இரு செடிகள்' முடிந்த ஆண்டிலேயே டேட் கலைக்கூடத்தாரால் வாங்கப்பட்டது.

படத்தில் வேறொன்றும் இல்லை. மனிதர் இல்லை, கதை இல்லை, பூவும் இல்லை. ஹெலிகிரைசம் என்னும் செடியின் எண்ணற்ற சின்னஞ்சிறு இலைகள். அவற்றோடு அஸ்பிடிஸ்ட்ராவின் நீண்ட இலைகள். முன்னது தென்னாப்பிரிக்கச் செடி. இலைமேல் மெல்லிய மயிர் படர்ந்து, சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். பின்னது இருட்டையும் புறக்கணிப்பையும் பொறுத்துக்கொள்வதில் பெயர்பெற்றது. விக்டோரியா அரசி காலத்து ஆங்கிலேயர் இல்லங்களில் நிலக்கரிப் புகையையும் வாயுவிளக்கின் வெக்கையையும் தாங்கி உயிர்வாழ்ந்த செடி அதுவே. அதனாற்றான் நடுத்தரக் குடும்பத்து மங்கிய வாழ்வின் அடையாளமாக அதனை எள்ளுவது அங்கே வழக்கமாயிற்று. ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் வெளியிட்ட ஒரு நாவலின் தலைப்பிலேயே இச்செடி ஏளனப்பொருளாக நிற்கின்றது. அந்த ஏளனத்தின் சாயல்கூட ஃபிராய்டின் படத்தில் இல்லை.

மூன்றாண்டு ஒரு செடியின் முன் நிற்பது எத்தகையது என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். முதல் மாதம் வரைந்த இலை ஆறாம் மாதம் உதிர்ந்துபோகும். அந்த இடத்தில் இப்போது வேறோர் இலை வேறொரு கோணத்தில் நிற்கும். இதற்கு என்ன வழி? பிரெஞ்சு ஓவியர் செசானுக்கும் இதே இடர் நேர்ந்தது. ஓர் உருவப்படத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட தடவை ஆளை அமரச்செய்த அவர் கை விரைவதற்குள் மலர்கள் வாடிவிடும். ஆகவே காகிதப் பூக்களை வைத்து வரைந்தார். அவையும் வெயிலில் வெளுத்தன என்று அவரை அறிந்த கலைவணிகர் வொல்லார் எழுதியிருக்கின்றார். செசானுக்கு வேண்டியது வடிவமும் நிறமும். அது காகிதத்தில் கிடைத்தாலும் குறையில்லை. ஃபிராய்டுக்கு அது போதவில்லை. வளர்வதையும் வாடுவதையுமே வரையவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். படத்தின் நடுவில் இலைகள் நீலம் கலந்த பசுமையோடு திடமாக நிற்கின்றன. வெளியே செல்லச் செல்ல மஞ்சளித்து, முறிந்து, நொறுங்குகின்றன. ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியே ஓர் உருவப்படம் வரைந்ததாகவே அவர் இப்பணியைக் கருதினார்.

அப்படியாயின் ஒரு கேள்வி எழுகின்றது. இப்படத்தில் காணும் செடி எந்த நாளில் இருந்தது? எந்த நாளிலும் இல்லை என்பதே விடை. 1977இல் பசுமையாய் இருந்த இலையும் 1979இல் சருகான இலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புகைப்படக்கருவி இதனை எடுக்கவே முடியாது. கண்டதைக் கண்டபடி வரைபவர் என்று புகழப்படும் ஓவியர் எங்கும் என்றும் இல்லாத ஒன்றை வரைந்துவிட்டாரே, இது பொய்யன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வோர் இலையும் அதனதன் நாளில் நேரே நின்று கண்டு பதிந்த சாட்சி. வெவ்வேறு காலத்தில் கேட்ட அறிவிப்புகளை, ஒவ்வொன்றையும் அதனதன் தகுதியோடு, ஒரே ஏட்டில் சேர்த்துவைக்கும் முறை நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டதாக அவ்வேடு சொல்வதில்லை. கேட்காத எதையும் சேர்ப்பதுமில்லை. நாட்காட்டி ரோஜாவோ ஒரு நொடியும் எவராலும் காணப்படாதது; பொய் அங்கேதான் இருக்கின்றது.

இங்கே நம் மரபின் இரு பெரும் செல்வங்களோடு இப்படத்தை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பள்ளிவாசல் மிஹ்ராபிலும் குர்ஆன் ஏட்டின் விளிம்பிலும் ஓடும் இலைக்கொடி முதலாவது. அங்கே ஓர் இலை மற்றோர் இலையைப் போலவே இருக்கும், இருக்கவும் வேண்டும். கண்ணை ஓரிடத்திலும் தங்கவிடாமல் இழுத்துச் செல்வதே அக்கொடியின் பணி. குறிப்பிட்ட ஒரு செடியை அது காட்ட வரவில்லை. ஆகையால் அதனைப் பார்த்துவிட்டுச் செடியைப் பார்த்ததாக எண்ணிக்கொள்வது தவறு. ஃபிராய்டின் படத்தைப் பார்த்துவிட்டு அக்கொடியை இழித்துப் பேசுவதும் தவறு. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இரண்டாவது, ஜஹாங்கீர் அரசவையின் உஸ்தாத் மன்சூர். 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அரும்பொருள், என்று பாதுஷா பட்டமளித்த ஓவியர் இவர். 1620இல் காஷ்மீர் வசந்தத்தைக் கண்டு களித்த ஜஹாங்கீர், மன்சூர் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை வரைந்ததாகத் தம் நினைவேட்டில் குறித்துள்ளார். அவற்றுள் எஞ்சியது மிகச் சில; அலிகார் பல்கலைக்கழகத் தொகுப்பிலுள்ள செந்நிற டியூலிப் மலர்ப்படம் பெயர்பெற்றது. மன்சூரின் மலர் தன் பருவத்தின் உச்சியில் நிற்கின்றது. அதனைச் சுற்றி வெற்றிடம். வண்டும் வாட்டமும் அணுகாத ஒரு நொடியை அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பயணத்திலுள்ள பாதுஷாவின் ஓவியர் ஒரு மலர் உதிரும்வரை காத்திருக்க இயலாது. அவர் நுணுக்கத்திற்கு ஃபிராய்டு ஈடாகார் என்றே துணிந்து சொல்வோம். ஆனால், செடியோடு ஒரே அறையில் மூன்றாண்டு குடியிருந்தவன் அறிவதை ஒரு வசந்தத்தின் விருந்தினன் அறிய வழியில்லை. இருவருள் யார் பெரியர் என்று கேட்போருக்கு நம்மிடம் விடை இல்லை.

'இரு செடிகள்' தொடங்குவதற்குச் சுமார் பத்தாண்டு முன், 1967-68இல், ஃபிராய்டு வரைந்த மற்றொரு படமும் இங்கே குறிப்பிடத்தக்கது. பெரிய தொட்டிச்செடியொன்றின் வாள்போன்ற இலைகள் கித்தானை நிறைத்து நிற்கின்றன. அவற்றின் பின்னால், கண்ணாடியில் தெரியும் பிம்பமாக, ஓவியரே சிறிய உருவில் நிற்கின்றார். ஒரு கையைக் காதருகே குவித்து எதையோ கேட்க முயல்கின்றார். படத்தின் பெயரிலேயே 'கேட்கும் பிம்பம்' என்று வருகின்றது. எதைக் கேட்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அரபியர் 'வாய்பேசா இயற்கை' என்று பெயரிட்டதை அறிந்த நமக்கு அந்தக் கையைக் கண்டதும் ஒரு புன்முறுவல் தோன்றிற்று. மனிதன் பெரிதாகவும் செடி சிறிதாகவும் வரைவது வழக்கு. இங்கே முறை மாறியிருப்பதில் ஒரு நாணயம் இருக்கின்றது. அறையில் நெடுநேரம் அசையாமல் நிற்பது செடியே, ஓவியர் வந்துபோகின்றவர்.

குறையே காணாமல் புகழ்ந்துகொண்டே செல்வது திறனாய்வாகாது. 'இரு செடிகள்' பார்ப்பவனுக்கு இரக்கம் காட்டும் படமன்று. கண் இளைப்பாற ஓரிடமேனும் அதில் இல்லை. தொலைவில் நின்றால் புதர்; நெருங்கினால் தனித்தனி இலைகள்; இரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தில் நின்று பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். ஓர் இலையை முடித்து அடுத்ததற்குச் செல்லும் முறையின் விலை இது. ஒவ்வொன்றிற்கும் உரிய மதிப்பு கொடுக்கப் புகுந்தவர் முழுமைக்கென ஒதுக்கவேண்டிய காற்றையும் இடைவெளியையும் கொடுக்க மறந்தார். 1503இல் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் வரைந்த புல்திட்டு இன்று வியன்னாவில் உள்ளது. அதில் ஒவ்வொரு புல்லும் தனியே தெரிகின்றது. ஆயினும் புல்லின் மேலே வெளிறிய வெற்றிடம் ஒன்றை விட்டிருப்பதால் பார்ப்பவன் மூச்சுவிட முடிகின்றது. ஃபிராய்டின் 1951 படத்தில் அந்த இடைவெளி இருந்தது. இளைஞனுக்கும் செடிக்கும் நடுவே கம்பளம் கிடந்தது. ஆகவே, ஓவியம் என்ற அளவில் முந்தைய படத்தையே நாம் விரும்புகிறோம். வரைவதென்றால் என்ன என்று கற்க விரும்பும் இளைஞர் நம்மிடம் வந்தால் பிந்தையதையே எடுத்துக் காட்டுவோம். அதுவும் ஒருநாள் முழுதும் ஒரே ஓர் இலையை அவர் வரைந்து முடித்தபிறகு.